பாட்டைப் படிக்கவும் கொடுங்கள்

நம் ஒன்றாம் வகுப்புகளில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் கைதட்டிப் பாட, பிள்ளைகளும் ஆடிப் பாடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்ததும் அந்தக் குதூகலம் அடங்கி, எழுத்துக் கூட்டும் முனகல் தொடங்கிவிடுகிறது. பாட்டு வேறு, வாசிப்பு வேறு என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் வந்த வினை இது. எழுத்துக் கூட்டும் பருவத்துக்கென்றே எதுகை மோனையோடு எழுதிய படப் புத்தகங்களைத் தமிழக அரசு தனி வரிசையாக வெளியிட வேண்டும்.

கட்டம், பட்டம், வட்டம். முதல் சொல்லைத் திக்கித் திணறிக் கூட்டிய பிள்ளைக்கு இரண்டாவதில் ஓர் எழுத்துதான் புதிது. மற்றவை கைவசம் வந்துவிட்டன. மூன்றாவதை அவள் கூட்டுவதில்லை, படித்தே விடுகிறாள். பக்கத்தில் நூலோடு பறக்கும் பட்டத்தின் படம் இருந்தால், தான் படித்தது சரிதான் என்று அவளுக்கே தெரிந்துவிடும். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் புத்தகம் என்று அவளைக் காக்க வைக்க வேண்டியதில்லை. இருபது, முப்பது எழுத்துகளுக்குள்ளேயே ஒரு முழுக் கதையைப் பாட்டாக எழுதிவிடலாம்.

ஒலி ஒப்புமையை இனங்காணும் திறனுக்கும் பின்னாளில் வாசிக்கக் கற்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே அமெரிக்காவில் இதற்கு வழி கண்டிருந்தார்கள். பள்ளி வாசிப்பு நூல்கள் உப்புச் சப்பில்லாமல் இருப்பதாக 1954-இல் எழுத்தாளர் ஜான் ஹெர்சி 'லைஃப்' இதழில் சாடினார். அதற்கு விடைபோல, குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 236 சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு, 'தி கேட் இன் தி ஹேட்' என்ற சந்தக் கதையை 1957-இல் தந்தார்.

நமக்கு 'மலரும் உள்ளம்' தந்த அழ. வள்ளியப்பா இருக்கிறாரே என்று கேட்கலாம். அவர் பாடல்கள் நம் செல்வம். பிள்ளைகள் வாயாரப் பாட அவை என்றும் வேண்டும். ஆனால் முப்பது எழுத்து மட்டுமே தெரிந்த பிள்ளை தானே படிப்பதற்கான பாட்டை இனிமேல்தான் எழுதியாக வேண்டும். மொழிபெயர்ப்பும் இதற்குக் கைகொடுக்காது. வேற்றுமொழிப் புத்தகம் தமிழுக்கு வரும்போது முதலில் உதிர்வது சந்தம்தான்.

பாட்டென்றால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும், எழுத்தைப் பார்க்காது என்கிறார்கள் சில ஆசிரியர்கள். நியாயமான கவலை. தெரிந்த பாட்டு மட்டுமே கிடைத்தால் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் ஒரு புத்தகம் போதாது, வரிசை வேண்டும் என்கிறோம். அதே எழுத்துகளில் புதிய பாட்டு வந்துகொண்டே இருந்தால், பிள்ளை எழுத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எட்டு வயதுக்குள் எல்லாரும் படிக்க வேண்டும் என்று 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிய அரசுக்கு இது பெரிய செலவாகாது. பாட்டெழுதுவோர், ஓவியர்கள், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் மூவரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு அடி, பெரிய எழுத்து, சந்தி பிரித்த சொற்கள் போதும். பாட்டின் கடைசியில் அறிவுரையைச் செருகும் வழக்கம் வேண்டவே வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் வகுப்பறையில் படிக்கக் கொடுத்து, பிள்ளைகள் தடுக்கி விழும் சொற்களை மாற்ற வேண்டும். அச்சானவற்றைப் பீரோவில் பூட்டாமல், கிழிந்தாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.