முந்துவதும் முடிப்பதும்

பாரிஸ் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மேற்குக் கரையோரத்துப் பிரெஸ்ட் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பும் சைக்கிள் பிரயாணம், 1891-ஆம் வருஷத்தில் ஒரு பத்திரிகை நடத்திய பந்தயமாகவே ஆரம்பமாயிற்று. அதில் ஷார்ல் தெரோன் என்பவர் மூன்று தினங்களுக்குள் வந்து ஜயித்தார். இன்றோ, நான்காண்டுகளுக்கொரு முறை நடைபெறும் அந்தப் பிரயாணத்தில், சுமார் 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் கடப்பவர் எவராயினும் கௌரவத்துக்கு உரியவரே. முதற்பரிசு என்ற ஒன்று கிடையாது.

இது சோம்பலுக்கு அளித்த சலுகை என்று எண்ணுவோர் பிரித்தானிப் பிரதேசத்துச் சாலையைப் பார்க்கவேண்டும். வானளாவிய சிகரம் எதுவும் அங்கே இல்லையாயினும், ஏற்றமும் இறக்கமுமாக ஓயாமல் தொடரும் அப்பாதை, மொத்தத்தில் 10,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தைத் தவணை முறையில் வசூலித்துவிடுகிறது. முத்திரை வைக்கும் நிலையங்களுக்கிடையே உடன்வரும் மோட்டார் வண்டியின் உதவி கூடாது. ஆயினும் கிராமத்தார் வாசலில் மேஜையிட்டுக் காப்பி வழங்குவதை எந்த விதியும் தடுப்பதில்லை.

இந்தப் பிரெஸ்ட் பிரயாணத்துக்குத் தகுதி தரும் 200 முதல் 600 கிலோமீட்டர் வரையிலான பிரயாணங்கள் சென்னை உள்ளிட்ட நம் நகரங்களிலும் நடைபெறுகின்றன. நம் மலைப்பாதைகளில் சைக்கிள் விழா நடத்துவோர் யாவரும் முந்துவதைவிட முடிப்பதையே மதிக்கும் இம்முறையைக் கைக்கொள்ளவேண்டுமென்பது என் அபிப்பிராயம். கொண்டையூசி வளைவில் அயலானை முந்தும் ஆசை உயிருக்கே ஆபத்தாகுமாதலால், பரிசுத் தொகையைக் குறைத்து, கால அவகாசத்தைத் தாராளமாக்குவதே விவேகம்.