யார் செலவில் தேசபக்தி?

2018 ஏப்ரல் 10. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய நாள். அன்றைக்கே அண்ணா சாலையில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் பெரும் போராட்டம். மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போன ரசிகர்கள் சிலர் வழிமறித்து அடிக்கப்பட்டார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள் செருப்புகள் வந்து விழுந்தன. சென்னையில் மீதமிருந்த ஆட்டங்கள் எல்லாம் புனேவுக்குப் போய்விட்டன.

சென்னைக்கு அது சட்டம் ஒழுங்குச் செய்தி. ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீடுகளில் அது அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் வந்த விவகாரம். வீராணம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து நாற்று விடும் வட்டாரம் இது. இங்கே ஓர் இளைஞருக்குக் காவிரி என்பது அப்பாவின் வயல். தோனி என்பவர் கைப்பேசியின் முகப்புப் படம். இரண்டில் ஒன்றை விடு என்று யாரோ சொன்னபோது, ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டாக உடைந்தன. ஒரு தரப்பு, விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்றது. மறு தரப்பு, வயல் காயும்போது உனக்கு விசில் கேட்கிறதா என்றது. அதன்பிறகு இந்தச் சண்டை ஓயவே இல்லை. காவிரி போய் இலங்கை வந்தது, இலங்கை போய்ப் பாகிஸ்தான் வந்தது. ‘இனத்துரோகி’, ‘தேசத்துரோகி’ என்று பட்டம் மாறியதே தவிர, வாக்குவாதம் மாறவில்லை.

விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் வாக்கியம்தான். ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா தகுதி பெற்றது. அணியின் தூண்கள் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். எதிரில் இருந்தது நிறவெறி ஆட்சியின் தென்னாப்பிரிக்கா. விளையாட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்தக் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. அது முழுக்க முழுக்க அரசியல் முடிவு. அதற்காக இந்தியர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, பெருமைப்படலாம்.

பெருமைப்படுவதற்குக் காரணம், அந்த முடிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. கொள்கைக்காக இந்தியா தன் கையிலிருந்த வாய்ப்பைத் தானே விட்டது. அமிர்தராஜ் சகோதரர்கள் தங்கள் வாழ்நாள் வாய்ப்பை இழந்தார்கள். வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டி, நீ உன் பற்றை நிரூபி என்று அன்று யாரும் கேட்கவில்லை. ரசிகர்களுக்கிடையே இன்று நடக்கும் தேசபக்திச் சண்டைகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்: செலவு யாருடையது?

தமிழ்நாட்டு ரசிகருக்கு இந்தக் கேள்வி மற்ற மாநிலத்தவரைவிடச் சிக்கலானது. அவர் நெஞ்சில் இரண்டு பற்றுகள் உண்டு. நீல ஜெர்சிக்காகக் கத்தும் அதே தொண்டையை முள்ளிவாய்க்கால் நினைவும் அடைக்கும். 2008 முதல் மூன்று பருவங்கள் முத்தையா முரளிதரன் சென்னை அணிக்கு ஆடினார். சேப்பாக்கம் அவரைத் தன் ஆளாகவே கொண்டாடியது. 2013 மார்ச்சில், இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஐபிஎல் நிர்வாகமும் அதை ஏற்றது. 2020-ல் முரளிதரன் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு வெடித்தது. கடைசியில் விலகிக்கொள்ளும்படி முரளிதரனே கேட்டுக்கொள்ள, சேதுபதி விலகினார். 2022 பிப்ரவரி ஏலத்தில் சென்னை அணி மஹீஷ் தீக்ஷணவை எடுத்தபோது, அணியைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 2023-ல் மதீஷ பதிரன 12 ஆட்டங்களில் 19 விக்கெட் எடுத்தார். ஐந்தாவது கோப்பை வந்தது. மலிங்காவைப் போலவே கையைத் தாழ்த்தி வீசும் அந்தப் பையனுக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று விசிலடித்தது. இதைச் சுட்டிக்காட்டித் தமிழ் ரசிகருக்கு ஞாபகசக்தி இல்லை என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எந்த ரசிகருக்கும் உரிமை கிடையாது. ஆனால் பதிரன பிறந்தது 2002 டிசம்பரில். 2009 மே மாதத்தில் அவர் ஆறு வயதுச் சிறுவன். இலங்கை அரசிடம் கேட்க வேண்டிய கணக்கை அவரிடம் கேட்பது நீதிக்கான போராட்டத்தை ஓர் அங்குலம்கூட முன்னகர்த்தாது. ஒரு நாட்டின் வாரியத்தைப் புறக்கணிப்பது ஒரு நிலைப்பாடு. அந்த நாட்டில் பிறந்ததற்காக ஒருவரை வெறுப்பது வேறு.

இந்த வேறுபாடு மறந்துபோனால் எதுவரை போகும் என்பதற்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு சாட்சிகள் கிடைத்தன. 2020 அக்டோபரில் ‘800’ சர்ச்சையின்போது, விஜய் சேதுபதியின் மகளைப் பாலியல் வன்முறை செய்வதாக ஒருவர் ட்விட்டரில் மிரட்டினார். 2021-ல் விராட் கோலியின் கைக்குழந்தைக்கு அதே வகை மிரட்டல். முதலாவது தமிழ்ப் பற்றின் பெயரால், இரண்டாவது இந்தியப் பற்றின் பெயரால். இரண்டு பற்றாளர்களும் ஒருவரையொருவர் ஏற்காதவர்கள். ஆனாலும் இருவர் கையும் நீண்டது ஒரு பெண் குழந்தையை நோக்கித்தான். ரசிகர்கள் கூடும் இடங்களில் மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

கோலி செய்த குற்றம் என்ன? 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. உலகக் கோப்பைகளில் பாகிஸ்தானிடம் அதுவே முதல் தோல்வி. பதினோரு பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருவர் மட்டும் ‘விலைபோனவர்’ ஆக்கப்பட்டார். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மனிதர் செய்யக்கூடிய ஆக மோசமான செயல் என்று ஆறு நாள் கழித்து அணித் தலைவரான கோலி வெளிப்படையாகச் சொன்னார். அதற்குத்தான் அந்தத் தண்டனை. அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பையில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டார். விக்கிப்பீடியாவில் அவருடைய பக்கத்தில் யாரோ ‘காலிஸ்தான்’ என்று எழுதினார்கள். கேட்ச் விடாத பீல்டர் கிரிக்கெட்டில் கிடையாது. கேட்ச் விட்டதற்காகப் பிறப்பையே கேள்வி கேட்பது மட்டும் சிலருக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2021-ன் அதே துபாய் ஆட்டத்துக்குப் பிறகு, பாகிஸ்தான் வெற்றியைப் பாராட்டி வாட்ஸ்அப்பில் எழுதியதாக ஆக்ராவில் மூன்று காஷ்மீர் மாணவர்கள் தேசத்துரோகப் பிரிவில் கைதானார்கள். அவர்களுக்காக வாதாட மாட்டோம் என்று உள்ளூர் வழக்கறிஞர் சங்கத்தார் அறிவித்தார்கள். 2022 மார்ச் கடைசியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. வெற்று முழக்கங்களின் காற்றுக்கு வளைந்துவிடும் நாணல் அல்ல இந்தியாவின் ஒற்றுமை என்ற கருத்தை நீதிபதி பதிவு செய்தார். அதற்குள் மாணவர்கள் ஐந்து மாதம் சிறையில் கழித்திருந்தார்கள். இவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் ஊர் ரசிகர் குழுக்களிலேயே, இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்தன்று மற்றவர்கள் ஒரு கொடி போட்டால் இஸ்லாமிய நண்பர் இரண்டு கொடி போட வேண்டியிருக்கிறது. வாசிம் அக்ரமின் பழைய ஸ்விங்கைப் பற்றி அவர் ஒரு வரி எழுதத் தயங்குகிறார். பக்கத்தில் இருப்பவர் பத்து வரி எழுதுகிறார்.

இப்படிப்பட்ட வெறிக்கு நடுவில்தான் நகைச்சுவை முக்கியமாகிறது. தமிழ் ரசிகரின் நகைச்சுவைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அணி தோற்ற அடுத்த நிமிடம் வந்து விழும் மீம்களில் பெரும்பாலானவை வடிவேலுவின் முகத்தைத் தாங்கியவை. அடி வாங்கியவர், ஏமாந்தவர், வீரம் பேசி மாட்டிக்கொண்டவர். மீம் போடுகிறவர் அந்த முகத்தைத் தனக்கே போட்டுக்கொள்கிறார். 49-க்குச் சுருண்ட பெங்களூரு ரசிகரும் சரி, கடைசிப் பந்தில் கோட்டைவிட்ட சென்னை ரசிகரும் சரி, தம்மையே முதலில் கிண்டல் செய்துகொள்கிறார்கள். வெறி தலைக்கேறாமல் காப்பதில் இதற்கு இணையான மருந்து கிடையாது.

2019 மே கடைசியில் நேசமணிக்காக உலகமே வேண்டிக்கொண்டது நினைவிருக்கும். பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பொறியியல் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒரு தமிழர் ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் கான்ட்ராக்டர் நேசமணி பாத்திரத்தின் தலையில் அது விழுந்ததை நிஜ விபத்துபோலச் சொல்லப்போக, அது உலக டிரெண்ட் ஆனது. அந்த மே 30-ல்தான் பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவியேற்றார். உலகக் கோப்பையும் அன்றுதான் இங்கிலாந்தில் தொடங்கியது. பதவியேற்பை மறைக்கச் செய்த சதி என்று இதிலும் அரசியல் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் எந்த நாட்டவரையும் புண்படுத்தாமல், பாகிஸ்தான் பக்கம் ஒன்றில் பிறந்து உலகைச் சிரிக்க வைத்த தமிழ்ச் சிரிப்பு அது.

இதற்கு நேர்மாறான பயணத்தைத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பார்க்கலாம். 2015 உலகக் கோப்பைக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எடுத்த ‘மௌகா மௌகா’வில், 1992 முதல் பட்டாசு வெடிக்கக் காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகர் வருவார். அவர் மேல் பார்ப்பவருக்குப் பரிவு வரும். 2019-ல் அதே வரிசை, தந்தையர் தினத்தை வைத்து நான் உன் அப்பன் என்ற கேலிக்கு இறங்கியது. பதிலுக்குப் பாகிஸ்தான் தொலைக்காட்சி ஒன்று, அங்கே சிறைப்பட்டு மீண்ட விமானப்படை வீரர் அபிநந்தனைப் போல ஒருவரை நடிக்க வைத்து விளம்பரம் எடுத்தது. ஒரு வீரர் எதிரிகளின் பிடியில் கழித்த நேரம் விளையாட்டு வியாபாரத்தின் சரக்கானது. நான்கே ஆண்டுகளில், காத்திருந்த ரசிகரின் ஏக்கத்திலிருந்து சிறைப்பட்டவரின் அவமானத்துக்குச் சிரிப்பு நகர்ந்துவிட்டது. இப்படிச் சிரிப்பதை நகைச்சுவைச் சுதந்திரம் என்று வாதாடுகிறவர்கள், யாரை நோக்கிச் சிரிக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

சேப்பாக்கத்தின் 1999 ஜனவரி 31 இந்த வாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எடுத்துக்காட்டத் தகுந்ததுதான். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்ட இலக்கு; முதுகுவலியோடு சச்சின் 136; 12 ஓட்டத்தில் தோல்வி. அழ வேண்டிய அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் தில்லி ஆடுகளத்தைச் சிவசேனையினர் தோண்டிப் போட்டிருந்தார்கள். சில மாதங்களில் கார்கில் போர் வந்தது. கைதட்டிய அதே மக்கள் போரில் இறந்த வீரர்களுக்காகக் கண்ணீர் விட்டார்கள், நிதி திரட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த முரணும் அவர்களுக்குத் தெரியவில்லை. அதே சமயம், சென்னையைப் புனித பூமியாக்கிவிட்டு அகமதாபாத்தைத் திட்டுவதும் சரியல்ல. 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில் ஆட்டமிழந்து திரும்பிய முகமது ரிஸ்வானை நோக்கி மத முழக்கம் எழுந்தது, அது கண்டிக்கத்தக்கது. ஆனால் ஜெர்சி போட்டவரை அடித்தது சென்னைச் சாலைதான்.

தன் பற்றைப் பொதுவெளியில் காட்டும்போது அடுத்தவருக்குச் சோதனை வைக்காமல் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள், மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புறப்பட்டுப் பார்க்கலாம். பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் வழியில், தர்கா தரப்பினர் மாலையும் பட்டும் கொடுத்து வரவேற்கிறார்கள். கோயில் தரப்பிலிருந்தும் தர்காவுக்கு மரியாதை போகிறது. இவர்கள் நம்பிக்கையை அவர்கள் ஏற்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை வைப்பதில்லை. அந்த ஊர்வலத்தில் நடக்கும் பையன்கள்தான் மாலையில் கைப்பேசியைத் திறந்து ரசிகர் குழுவில் சண்டை போடுகிறார்கள். வேறு எங்கிருந்தும் பாடம் கொண்டுவர வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில், பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின் நடந்த ஆட்டத்தில், இந்திய வீரர்கள் பாகிஸ்தானியரோடு கைகுலுக்கவில்லை. ரசிகர்கள் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். இங்கேயும் செலவுக் கேள்வியைக் கேட்டால் தெளிவு பிறக்கும். ஆடவே மாட்டோம் என்று விலகியிருந்தால் அது 1974-ஐப் போல வாரியம் தன் வருமானத்தைத் துறந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். ஆட்டம் நடந்தது, ஒளிபரப்பு வருமானம் வந்தது, கை மட்டும் நீளவில்லை. ஆனால் அணித் தலைவர் சூர்யகுமார் யாதவ் அந்தத் தொடரின் தன் ஆட்ட ஊதியம் முழுவதையும் ராணுவத்துக்கும் பஹல்காம் குடும்பங்களுக்கும் தருவதாக அறிவித்தார். கைகுலுக்காததைப் பேசியவர்கள் இதைப் போதுமான அளவு பேசவில்லை. தன் பையிலிருந்து கொடுத்தது அதுதான்.

ரசிகர் குழுக்களை நடத்தும் அட்மின்கள் அரசியல் பேசத் தடை போட்டுப் பயனில்லை. காவிரியும் ஈழமும் காஷ்மீரும் பேசப்படத்தான் செய்யும், பேசட்டும். பந்து வீசியவரின் லைன், லெங்த்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். அவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார், எந்த நாட்டில் பிறந்தார் என்று இழுக்கிறவரை அந்த நிமிடமே வெளியே அனுப்ப வேண்டும். அவர் எவ்வளவு பழைய உறுப்பினராக இருந்தாலும். இதைவிடப் பெரிய பொறுப்பு, ரசிகர்களின் வெறியில் சம்பாதிக்கும் வாரியத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் உண்டு. ஷமி தாக்கப்பட்டபோது கிரிக்கெட் வாரியம் அவர் படத்தைப் போட்டு இரண்டொரு ஊக்கச் சொற்களோடு நிறுத்திக்கொண்டது. எதற்காகத் தாக்கப்பட்டார் என்பதைச் சொல்ல அணித் தலைவர் வர வேண்டியிருந்தது, அவர் குடும்பம் அதற்கு விலை கொடுத்தது. அடுத்த முறை அந்த வாக்கியம் வாரியத்தின் கடிதத்தாளில், ஆட்டம் முடிந்த அன்றிரவே, மதத்தின் பெயரால் நடந்த தாக்குதல் என்று வெளிப்படையாக எழுதப்பட்டு வர வேண்டும்.