திமிங்கிலம் பேசியதாம்!

சரவணையில் ஆசிரியராக இருக்கும் என் உறவினர் ஒருவர், தமிழ் நாளேடொன்றில் வந்த செய்தியைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். திமிங்கிலங்களின் மொழியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர் என்பது தலைப்பு. கூடவே ஒரு குறிப்பு: "பெரியப்பா, அது என்ன சொல்லுதாம் எண்டு பிள்ளையள் கேட்கினம். நான் என்னத்தைச் சொல்ல?"

எவருக்கும் தெரியாது என்று சொல் தம்பி, எனப் பதில் எழுதினேன். செய்தியை எழுதியவருக்குத் தெரியாது. ஆய்வைச் செய்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் பின்னவர்கள் அதை ஒளிக்கவில்லை. திமிங்கிலப் பாட்டு மனித மொழியைப் போல் பொருள் சுமப்பதற்குச் சான்றில்லை, அது இசைக்கே நெருக்கமாக இருக்கலாம் என்று அவர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். செய்தி நிறுவனத்தின் ஆங்கிலக் குறிப்பை அவசரமாகத் தமிழாக்கும்போது முதலில் உதிர்வது இத்தகைய வாக்கியங்கள்தாம். பல்லாண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் அந்த அவசரம் எனக்குத் தெரியும். அது ஒரு சாக்கே அன்றி நியாயம் அன்று.

அந்த ஆய்வு 2025 பெப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. இன்பல் ஆர்னன், சைமன் கேர்பி, எலன் கார்லண்ட் முதலியோர், நியூ கலிடோனியாக் கடலில் எட்டு ஆண்டுகளாகப் பதிவான கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டுக்களை எடுத்துக்கொண்டனர். அவர்கள் கையாண்ட வழி அழகானது. தாய் பேசும்போது சொற்களுக்கிடையே இடைவெளி விட்டா பேசுகிறாள்? "அம்மாவந்தா, அம்மாபோறா, அம்மாஎங்கை" என்று எல்லாம் ஒரே ஓட்டமாகத்தான் குழந்தையின் காதில் விழுகிறது. 'அம்' என்ற அசைக்குப் பின்னே 'மா' வருவது வழக்கம். 'மா'வுக்குப் பின்னே எதுவும் வரலாம். எதிர்பார்ப்பு எங்கே தளர்கிறதோ அங்கே ஒரு சொல் முடிகிறது என்று குழந்தை உணர்ந்துகொள்கிறது. இதே முறையில் திமிங்கிலப் பாட்டைத் துண்டுகளாக்கி எண்ணினார்கள். சில துண்டுகள் மிக அடிக்கடியும், பெரும்பாலானவை அரிதாகவும் வந்தன. மனித மொழிகளில் சொற்கள் பரவிக் கிடக்கும் கணக்கும் ஏறத்தாழ இதுவே. வழிவழியாகக் கேட்டுக் கற்கப்படும் எதுவும் இத்தகைய வடிவம் பெறக்கூடும் என்பதே ஆய்வாளர் வாதம்.

ஒழுங்கு வேறு, பொருள் வேறு. எங்களூரில் திருவிழாக் காலத்து இரவுகளில் நாரந்தனைப் பக்கமிருந்து தவிலோசை காற்றோடு வரும். வாசிப்பவர் யார் என்பதை முற்றத்தில் இருந்தபடியே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். தவில் என்ன சொன்னது என்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

திமிங்கில ஆய்வாளர் செய்வதும் அந்தப் பெரியவர்கள் செய்ததைத்தான். நீரடி ஒலிவாங்கியில் பதிந்த ஓசையைக் கணினியில் கோட்டுப்படமாக்கி, கூறுகளாகப் பிரித்து, வரிசையையும் சுருதியையும் கால அளவையும் ஒப்பிடுகிறார்கள். ரோஜர் பெய்னும் ஸ்கொட் மக்வேயும் 1971 இல் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஓசை, ஏழு முதல் முப்பது நிமிடம் வரை நீண்டு மீள மீள வரும் பாட்டு என்று காட்டியது இவ்வாறுதான்.

எங்கள் தலைப்பெழுத்தாளர்கள் நியூ கலிடோனியா வரை போகத் தேவையில்லை. நீலத் திமிங்கிலப் பாட்டு வகைகளில் ஒன்றுக்கு விஞ்ஞான உலகில் 'இலங்கைப் பாட்டு' என்றே பெயர். 1984 இல் திருகோணமலைக்கு அப்பால் பதிவானது அது. மூன்று கூறுகள் கொண்டது. கடைசிக் கூறு 20 முதல் 30 விநாடி வரை நீளும் ஒற்றைச் சுரம். தியாகோ கார்சியாவில், அணுவெடிச் சோதனைகளை ஒட்டுக்கேட்க வைத்த ஒலிவாங்கிகளில் இப்பாட்டும் பதிவாகியிருக்கிறது. 2002 முதல் 2013 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது, அச்சுரம் ஏறத்தாழ 106.5 ஹேர்ட்ஸிலிருந்து 100.7 ஹேர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. இரண்டாம் கூறு அந்த அளவுக்கு மாறவில்லை. கடலின் இரைச்சல் கூடியதால் குரலை மாற்றிக்கொண்டனவா? அதையும் அளந்து பார்த்து, அந்த விளக்கம் பொருந்தவில்லை என்று கைவிட்டார்கள். கைக்கெட்டிய கவர்ச்சியான விடையைக் கைவிடுவதற்கும் ஒரு நேர்மை வேண்டும். எங்கள் ஆசிரிய பீடங்களுக்கு அதைச் சிபாரிசு செய்கிறேன்.

அதே தியாகோ கார்சியாப் பதிவுகளில் இன்னொரு வகைப் பாட்டும் இருந்தது. நீலத் திமிங்கிலத்தின் புதியதொரு கூட்டம் அதைப் பாடுகிறது போலும் என்று 2021 இல் அறிவித்தனர். பாடும் விலங்கை எவரும் கண்ணால் கண்டு உறுதிசெய்திருக்கவில்லை. பாட்டின் ஒழுங்கே சாட்சி. ஏறத்தாழ இருபது ஆண்டுப் பதிவுகளில் நிலைத்திருக்கும் ஓர் ஓசையைக் கொண்டு அறியாத கூட்டமொன்றைக் கண்டறிவது, திமிங்கிலம் வணக்கம் சொன்னது என்ற கற்பனையைவிட எத்தனை மடங்கு வியப்பானது! அது முதற்பக்கத்துக்குத் தகுதியான செய்தி இல்லையா?

என் கோபத்துக்குக் காரணம் மொழிபெயர்ப்புப் பிழை மட்டும் அன்று. ஒரு கூட்டம் தனியானது என்று பாட்டினால் தெரிந்தால், அதன் அழிவையும் தனியாகவே கணக்கிட வேண்டும். வேறு சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்களைக் காட்டி, இனம் வாழ்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. 1960களின் நடுப்பகுதியில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. அக்கணக்கு மறைக்கப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. இன்று ஈட்டி இல்லை. கப்பலின் முகப்பு இருக்கிறது. தெய்வேந்திர முனைக்குத் தெற்கே, உலகின் நெரிசல் மிகுந்த கப்பற்பாதைகளுள் ஒன்று இத்திமிங்கிலங்கள் இரைதேடும் பரப்பின் மீதே செல்கிறது. அப்பாதையைப் பதினைந்து கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து ஏறத்தாழ 95 சதவீதம் குறையும் என்று ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குகொண்ட ஆய்வு 2016 இல் கூறியது.

2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெருங்கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே திருப்பத் தொடங்கியது. ஓர் அரசு செய்ய வேண்டியதை வணிக நிறுவனமொன்று முந்திச் செய்த அந்தச் செய்திக்கு, திமிங்கிலம் பேசியதாக முதற்பக்கத்தில் முழங்கும் எங்கள் நாளேடுகள் எத்தனை அங்குலம் ஒதுக்கின?