தண்ணீரைத் தேக்கினாலும் கூலி உண்டு

தரிசாகக் கிடக்கும் நிலத்தில் தண்ணீரைத் தேக்கி வைப்பதற்கு நிலச் சொந்தக்காரருக்குப் பணம் தரலாமா? அமெரிக்காவின் தென்கிழக்கே உள்ள புளோரிடா மாநிலத்தில் அரசின் நீர் நிர்வாகம் அப்படித் தந்து வருகிறது. இதற்கு அங்கே 'தண்ணீர் விவசாயம்' என்றே பெயர். சும்மா கிடக்கும் நிலத்துக்குச் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் சும்மா கிடக்கவில்லை, ஊருக்காக வேலை செய்கிறது என்பதே அதற்குப் பதில். கூலி தருவது நியாயம்தான். ஆனால், வேலையை அளந்து கூலி தர வேண்டும்.

தோட்டங்கள் ஏன் காலியாயின?

புளோரிடா, ஆரஞ்சுக்குப் பெயர் போன பூமி. 2003-04 பருவத்தில் அங்கு சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. 2005-ல் 'கிரீனிங்' நோய் அங்கு கண்டறியப்பட்டது. சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி மரத்துக்கு மரம் பரப்பும் பாக்டீரியா நோய் இது. இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். காய் சிறுத்து, சரியாகப் பழுக்காமலே உதிரும். மரம் நாளடைவில் பட்டுப்போகும். நம் நாட்டுச் சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோட்டங்களும் அறிந்த நோய்தான். இதை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. புயல்களும் சேர்ந்து தாக்கவே, 2023-24-ல் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போயிற்று. ஆயிரக்கணக்கான ஏக்கர் கைவிடப்பட்டது.

ஆற்றுக்கு வந்த கேடு

இதே பகுதியில் ஓக்கிசோபி என்ற பெரிய ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ 9 அடிதான். ஒரு காலத்தில் ஏரி பெருகினால் நீர் தெற்கே சதுப்பு நிலத்தில் மெல்லப் பரவிச் சென்றது. பின்னர் கரை கட்டி, கால்வாய் வெட்டி, உபரி நீரைக் கிழக்கே செயின்ட் லூசி ஆற்றுக்குத் திருப்பினார்கள். கால்வாயின் இருபுறமும் உள்ள வயல், தோட்டங்களின் வடிநீரும் அதிலேயே விழுகிறது.

அந்த ஆற்றின் கழிமுகத்தில் நன்னீரும் உப்பு நீரும் அளவோடு கலந்திருக்க வேண்டும். நன்னீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் சிப்பிகளும் கடற்புற்களும் மடிகின்றன. நீரோடு வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு உரமாகின்றன. 2013, 2016, 2018 ஆண்டுகளில் நச்சுப் பாசி படர்ந்தது. 2016-ல் மாநில ஆளுநர் நெருக்கடி நிலையே அறிவித்தார். மீனவர்களும் படகுத் தொழிலாளர்களும் பிழைப்பை இழந்தார்கள்.

எளிய முறை

2014-ல் இந்தியன்டவுன் என்ற ஊர் அருகே, கைவிட்ட ஆரஞ்சுத் தோட்டத்தில் சுமார் 400 ஏக்கரில் சோதனை தொடங்கியது. நிலத்தைச் சுற்றிக் கரை போட்டு, கால்வாய் நீரைப் பம்பு வைத்து இறைத்துத் தேக்கினார்கள். மணற்பாங்கான மண் ஆதலால் ஒரு பகுதி நீர் மண்ணில் இறங்குகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. நீரிலுள்ள உரச்சத்தில் பெரும் பங்கு நிலத்திலேயே தங்கிவிடுகிறது. பின்னர் இத்திட்டம் 3,000 ஏக்கருக்கு மேல் விரிவாயிற்று.

இதன் சிறப்பு விரைவுதான். அதே கால்வாயை ஒட்டி 3,400 ஏக்கரில் அரசு கட்டிய பெரிய நீர்த்தேக்கம் 2021-ல் முடிந்தது. ஆனால் கசிவு காரணமாக, முடித்த பின்னும் முழு மட்டத்துக்கு நிரப்ப முடியாமல் போயிற்று. மண் கரைக்கு அவ்வளவு காலமும் தேவையில்லை, அவ்வளவு செலவும் இல்லை.

குறைகளும் உண்டு

ஆனால் இதையே சர்வரோக நிவாரணி என்று நம்பக் கூடாது. ஓக்கிசோபி ஏரி ஒரு அடி உயர்ந்தால், நாலரை லட்சம் ஏக்கரில் ஒரு அடி நீர் நிற்பதற்குச் சமம். மூவாயிரம் ஏக்கர் தோட்டத்தை ஒருமுறை நிரப்புவதால் அதில் எவ்வளவு குறையும்? தோட்டங்கள் கால்வாய்க்கு வரும் வடிநீரில் ஒரு பங்கைத் தாங்கும், ஏரியைத் தாங்கா. சதுப்பு நிலத்துக்கு நீரைத் திருப்பிவிடும் பெரிய பணிக்கு இது மாற்று ஆகாது. உரத்தை அளவறிந்து இட வேண்டிய கடமையையும் இது போக்கிவிடாது.

மண்ணிலும் ஆபத்து உண்டு. ஆரஞ்சுத் தோட்டங்களில் பல்லாண்டு காலம் தாமிர மருந்து தெளித்ததால் தாமிரம் மண்ணில் சேர்ந்திருக்கிறது. நீர் தேங்கினால் அது நத்தைகளில் ஏறி, அவற்றைத் தின்னும் அரிய பருந்தினத்துக்குக் கேடு செய்யலாம்.

செலவிலும் கேள்வி உண்டு. தனியார் நிலத்தைவிட அரசின் சொந்த நிலத்தில் நீர் தேக்குவது மலிவு என்று 2014-ல் அந்த நிர்வாகத்தின் தணிக்கையே சுட்டிக்காட்டியது.

சிறு விவசாயிக்கு என்ன?

எல்லாவற்றிலும் முக்கியமான குறை வேறு. பரந்த நிலம் ஒரே கரைக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பதால், பணம் பெரிய பண்ணைகளுக்கே போய்ச் சேருகிறது. நோயால் தோட்டத்தை இழந்த சிறியவர் ஒதுங்கி நிற்கிறார். அடுத்தடுத்துள்ள சிறு நிலங்களைக் கூட்டுறவாகச் சேர்த்து ஒப்பந்தம் செய்ய இடம் தர வேண்டும்.

ஏக்கர் கணக்கில் அல்லாமல், தேக்கிய நீரையும் தடுத்த உரச்சத்தையும் அளந்து பணம் தர வேண்டும். நீர் விடுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குக் கால வரையறை வேண்டும். நோய் தாங்கும் ரகம் கிடைத்தால் மீண்டும் பயிர் செய்யும் உரிமை விவசாயிக்கே இருக்க வேண்டும். பக்கத்து நிலத்தில் ஊற்றெடுத்துப் பயிர் அழுகினால் நஷ்டஈடும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கீழே உள்ள மீனவரும் நகரவாசியும் நல்ல நீர் பெற, மேலே உள்ள விவசாயி தன் நிலத்தில் வெள்ளத்தைத் தாங்குகிறார். அது தானமல்ல, உழைப்பு. அதற்குரிய கூலி பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே அளவுகோலில் கிடைத்தால், தண்ணீர் விவசாயம் நிலைக்கும். இல்லையேல் அது சிலருக்குக் கிடைத்த மானியமாகவே முடியும்.