அழகிய துப்பாக்கியாம்!

கொலைக்கருவியைக் குழந்தையைப்போல் துடைத்துத் துணியில் பொதிந்து வைப்போரைப் பற்றி எழுத நேரும் என்று நாம் எண்ணியதில்லை. அண்மையில் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில், நம் சமுதாயத்தைச் சேர்ந்த படித்த இளைஞர் ஒருவர், இத்தாலி நாட்டுப் பழைய சிறு கைத்துப்பாக்கிகளின் படங்களைக் காட்டி ஒரு மணி நேரம் சிலாகித்தார். அயல்நாட்டில் பணிபுரிந்தபோது, அவற்றைச் சேகரிப்போரின் நட்பு வாய்த்ததாம். அவ்வழகை ரசிக்கத் தெரியாதது மௌலவிமார்களின் குறை என்றும் நயமாகச் சொன்னார். அதற்கான மறுமொழி இது.

வேலைப்பாட்டை நாம் மறுக்கவில்லை. கார்தோனே என்னும் பள்ளத்தாக்கு ஊரில், பெரெட்டா குடும்பத்தார் 1526-லேயே வெனிஸ் அரசின் படைக்கலச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் செய்துகொடுத்தனர். அவர்களுடைய 1934-ஆம் ஆண்டு மாதிரி ஒரு சாணுக்கும் குறைந்த நீளம். முக்கால் கிலோவுக்கும் குறைந்த எடை. ஏழு குண்டுகள் கொள்ளும். தேர்ந்த கைவேலைதான். ஒப்புவதில் நமக்கென்ன இழப்பு? (அந்த இளைஞர் சாய்ந்து நின்ற படகையும், ஆணியின்றிக் கயிற்றாலேயே பிணைக்கும் கட்டுமரத்தையும் அவர் ஏறிட்டும் பாராதது வேறு கதை.)

ஆனால், சேகரிப்போர் அதில் உற்றுத் தேடுவது எதை? 1939 என்ற ஆண்டையடுத்து உரோம எண்ணில் பதினேழு என்று பொறித்திருக்கும். அது என்ன பதினேழு? 1922 அக்டோபரில் முசோலினியின் கூட்டம் உரோமாபுரியை நோக்கி அணிவகுத்ததைத் தொடக்கமாக வைத்து எண்ணிய கணக்கு அது. நாமோ, கொடுமைக்காளாகி ஊர் துறந்த ஹிஜ்ரத்திலிருந்து ஆண்டை எண்ணுகிறோம். அதற்கும் முன்னர், நம் முதல் அகதிகளுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னரின் நாடு அபிசீனியா. 1935-இல் அந்நாட்டின்மீதே படையெடுத்தது முசோலினி ஆட்சி. லிபியாவில் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியராய் இருந்த உமர் முக்தாரை, எழுபது வயதைக் கடந்த முதியவரை, 1931 செப்டம்பர் 16 அன்று மக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டதும் அதே ஆட்சிதான். அதன் படைக்கென உருவானதே இந்த 1934 மாதிரி. அந்த முத்திரையைத்தான் இவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து மகிழ்கிறார்கள்!

இன்னும் அருகில் வருவோம். 1948 ஜனவரி 30 மாலை, டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளின்மீது மூன்று முறை சுடப்பட்டது இதே மாதிரித் துப்பாக்கியால்தான். 606824 என்று எண் பொறித்தது. குவாலியரில் கைமாறிக் கோட்சேயிடம் வந்தது. கொன்றவன் முஸ்லிம் அல்லன் என்று வானொலி அறிவிக்கும்வரை, கதவைத் தாழிட்டு யாசீன் ஓதிக்கொண்டு அமர்ந்திருந்ததை எங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு வதந்தி நிலைத்திருந்தால் எத்தனை வீடுகள் எரிந்திருக்கும்! அத்துப்பாக்கியின் நீள அகலமெல்லாம் தெரிந்த இளைஞருக்கு இது தெரியவில்லை. சேகரிப்பு என்ற பெயரில் நடப்பது இதுதான்: இரும்பை வைத்துக்கொண்டு இரத்தத்தைத் துடைத்துவிடுவது.

“நபிகளாருடைய வாட்கள் என்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் பாதுகாக்கிறார்களே?” என்று மடக்கினார். பாதுகாக்கட்டும். அங்கே மக்கள் காணச் செல்வது ஏந்திய கரத்தை நினைத்து. எஃகின் மெருகை ரசிக்க அன்று. அந்தக் கரத்திற்குரியவர்தாம் (ஸல்), உருவிய வாளை ஒருவர் கையில் கொடுப்பதையும், விளையாட்டுக்கேனும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் தடுத்தார்கள். ஹதீஸ் நூல்களில் உள்ளதுதான், தேடிப் பார்க்கலாம்.

அருங்காட்சியகமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இக்குப்பத்தின் பெயரில் இருக்கும் கர்னல் ஒல்காட், 1865-இல் ஆபிரகாம் லிங்கன் கொலையைத் துப்புத்துலக்கியவர்களுள் ஒருவர். லிங்கனைக் கொன்றதும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு துப்பாக்கிதான். அது இன்று வாஷிங்டனில், அவர் சுடப்பட்ட அதே நாடக அரங்கின் காட்சிசாலையில் இருக்கிறது. யார் கையில் இருந்தது, யாரைக் கொன்றது என்ற செய்தியோடு இருக்கிறது. அப்படி வையுங்கள், தம்பி. நாமும் வந்து பார்க்கிறோம்.