ராணுவத்துல பிரசவ டாக்டருக்கு என்ன வேலை?

ராணுவம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? திருச்சிக்காரங்களுக்கு முதல்ல துப்பாக்கித் தொழிற்சாலை. மத்தவங்களுக்கு எல்லை, பீரங்கி, பனிமலை. பிரசவ வார்டு யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. ஆனா பெரிய ராணுவ மருத்துவமனைகள்ல அதுவும் இருக்கு. சிப்பாய்க்கு மனைவி இருக்காங்க, பெண் அதிகாரிகள் இருக்காங்க, ராணுவ நர்ஸுகள் இருக்காங்க. இவங்களைப் பார்க்கிற மகப்பேறு மருத்துவரும் சீருடை போட்டவர்தான். அவருக்கும் பதவி உண்டு, இடமாற்றம் உண்டு, நட்சத்திரங்களும் உண்டு.

இந்த வேலையில எவ்வளவு உயரம் போகலாம்? புனிதா அரோராவைப் பாருங்க. 1946ல் லாகூரில் பிறந்தவர். பிரிவினையில் குடும்பம் உத்தரப்பிரதேசத்தின் சகாரன்பூருக்கு வந்தது. 1963ல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில், அதாவது ஏ.எஃப்.எம்.சி.யில், எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். அங்கே அந்தப் படிப்பு தொடங்கி அப்போ ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1968ல் ராணுவத்தில் சேர்ந்து, மகளிர் மருத்துவத்தைத் தன் துறையாக்கிக்கொண்டார். 2004ல் தான் படித்த அதே கல்லூரிக்குத் தலைவரானார். அந்தக் கையோடு லெப்டினன்ட் ஜெனரல் பதவி. இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண். மறுவருஷம் கடற்படைக்கு மாறி, முதல் பெண் வைஸ் அட்மிரலும் ஆனார்.

'முதல் பெண்'ங்கிற பட்டத்தைப் பொது அறிவுப் புத்தகத்துல மனப்பாடம் பண்ணிட்டு நாம நகர்ந்துடுவோம். இஞ்சினியரிங் படிக்கிற நாம பார்க்க வேண்டியது அவருக்குக் கிடைத்த பதக்கங்களின் காரணத்தை. ராணுவ மருத்துவமனைகளில் மகளிர் எண்டோஸ்கோபி, புற்றுநோய் சிகிச்சை வசதிகளை ஏற்படுத்தியதற்காக சேனா பதக்கம். எண்டோஸ்கோபின்னா வயித்தைப் பெருசா கிழிக்காம சின்னத் துளை வழியா கேமரா விட்டுச் செய்யிற அறுவை சிகிச்சை. அதை ஒரு டாக்டர் தன் கையால நல்லா செய்யிறது ஒரு திறமை. கருவி வரவழைச்சு, ஆளுக்குப் பயிற்சி குடுத்து, தான் மாற்றலாகிப் போன பிறகும் நடக்கிற மாதிரி செட் பண்றது இன்னொரு திறமை. நம்ம பாஷையில் சொன்னா, சிஸ்டம் டிசைன்.

இன்னொன்று விசிஷ்ட சேவா பதக்கம். 2002 மே 14 அன்று ஜம்முவின் காலுச்சக்கில் ராணுவக் குடியிருப்புக்குள்ளேயே பயங்கரவாதிகள் புகுந்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் சிப்பாய்களின் மனைவிகளும் குழந்தைகளும் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு உடனடியாக உதவி கிடைக்கச் செய்ததற்காகத்தான் அந்தப் பதக்கம். போர்முனை எங்கே, குடும்பம் எங்கேன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாத நாள் அது. பிரசவ டாக்டருக்கு அங்கே என்ன வேலைன்னு இப்பவும் கேட்பீங்களா?

சரி, இப்போ விஷயத்துக்கு வரேன். புனிதா அரோரா தலைமை தாங்கிய அந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை எப்படி? பல வருஷமா இந்திய மாணவர்களுக்கான 145 இடங்களில் ஆண்களுக்கு 115, பெண்களுக்கு 30. ஐந்தில் ஒரு பங்குதான். இதனால பெண்களுக்கான நீட் கட்-ஆஃப் ஆண்களுடையதை விட மேலே நிற்குது. ஒரே மார்க் எடுத்த அண்ணன் உள்ளே, தங்கச்சி வெளியே. அந்தச் சின்ன வாசல் வழியா வந்தவங்க யாருன்னு பாருங்க. குழந்தைகள் நல மருத்துவர் மாதுரி கனிட்கர் 2020ல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். 2024ல் முப்படை மருத்துவச் சேவைக்கே தலைவரான முதல் பெண் ஆர்த்தி சரின். இருவருமே ஏ.எஃப்.எம்.சி. மாணவிகள்.

"டாக்டர்களை முன்னணிப் படையோட அனுப்பணும், பெண்களை எப்படி அனுப்புறது?" என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். 2023ல் கேப்டன் கீதிகா கவுல் சியாச்சின் பனிமலைக்கே மருத்துவ அதிகாரியா போயிட்டார். பெண்களுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் தரணும்னு 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. ராணுவ மருத்துவப் பிரிவோ 1958லேயே பெண்களுக்கு நிரந்தரப் பணி கொடுத்த முதல் பிரிவு. எல்லாருக்கும் முன்னாடி கதவைத் திறந்த பிரிவு, கல்லூரி வாசலில் மட்டும் ஏன் 30ன்னு எண்ணிக்கிட்டு நிற்கணும்? மார்க் இருக்கா, உடற்தகுதி இருக்கா, அதைப் பார்த்துட்டு உள்ளே விடுங்க. அவ்வளவுதான் என் கோரிக்கை.

உப்பிலியபுரம் மாதிரி ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். பச்சைமலையில் இருந்து ஒரு கர்ப்பிணி கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்கு வர்றதுல இருக்கிற கஷ்டம் நமக்குத் தெரியும். தூரம், ரோடு, நேரம். எல்லைப்பக்க ஊர்களிலும் அதே மூணு பிரச்சினைதான். அந்தக் கஷ்டத்தைப் பார்த்து வளர்ந்த பொண்ணுக்கு இந்த வேலை மத்தவங்களை விட நல்லாவே புரியும். ஆனா நீட் எழுதுற நம்ம ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஏ.எஃப்.எம்.சி. தெரியும்? அங்கே படிப்புக்குக் கட்டணம் கிடையாது, பதிலுக்கு ராணுவத்துல வேலை பார்க்கணும். நீட் மார்க்கோட தனியா ஒரு ஆங்கில, தர்க்கத் தேர்வும் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. முன்கூட்டியே தெரிஞ்சா தயாராகலாம். ரிசல்ட் வந்த பிறகு தெரிஞ்சா பிரயோஜனம் இல்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தங்கச்சியைக் கூப்பிட்டு இந்தப் பேரைச் சொல்லுங்க. 30 இடம்தான்னும் மறைக்காம சொல்லுங்க. ஏன் முப்பதுன்னு அவ கேட்டா, பதில் சொல்ல வேண்டியது பாதுகாப்பு அமைச்சகம்.