விடுகைப் பத்திரத்தில் இல்லாத பிள்ளை

புலமைப்பரிசில் முடிவு வந்தால் கோப்பாயிலும் வாழ்த்துப் பதாகை தொங்கும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்று ஊரே எண்ணும். அதே வருசம் ஐந்தாம் தரத்தை முடிக்கிற ஓட்டிசம் உள்ள பிள்ளை ஆறாம் தரத்துக்கு எங்கே போகிறது? அதை எண்ண ஆளில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகள் அபூர்வம் என்று சொல்லாதீர்கள். இலங்கையில் சின்னக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்றது.

ஐந்து வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரீச்சர், ஒரே அறை. ஆறில் பாடத்துக்கொரு ஆசிரியர், பாடவேளைக்கொரு மணி, காதைப் பிளக்கும் இடைவேளை. ஆரம்பப் பாடசாலையில் படித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே புதிது. மற்றவர்களுக்கு இது இரண்டு கிழமைத் தடுமாற்றம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக இருக்கக்கூடிய பிள்ளைக்கு அது அவ்வளவு லேசில் முடியாது. அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனால் நாங்கள் வைக்கிற பெயர் 'குழப்படி'. தாய்க்கு வைக்கிற பெயர் 'வளர்க்கத் தெரியாதவள்'.

எந்தச் சத்தம் ஆகாது, எங்கே இருத்தினால் எழுதும், பதற்றம் வருமுன் கை என்ன செய்யும் என்பதெல்லாம் பழைய ரீச்சருக்குத் தெரியும். வருசக்கணக்காகப் பழகிக் கண்டுபிடித்தது அது. விடுகைப் பத்திரத்தில் சேர்ந்த திகதி இருக்கு, விலகிய திகதி இருக்கு. இதற்கு இடமில்லை. புதுப் பள்ளிக்கூடம் ஒன்றும் தெரியாமல் முதலில் இருந்து தொடங்குகிறது.

"விசேட கல்வி அலகு இருக்குத்தானே?" சில பாடசாலைகளில் இருக்கு. தேவைப்படும் பிள்ளைக்கு அது வேணும். ஆனால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையை, சத்தம் தாங்காது என்பதற்காக மட்டும் தனி அறையில் ஒதுக்கி வைப்பது கல்வியில்லை.

"காசில்லை, ஆளில்லை." நாங்கள் கேட்கிறதுக்குப் பெரிய காசு வேண்டாம். கடைசித் தவணையில் நாலைந்து தரம் புதுப் பாடசாலையைக் காட்டுங்கோ. பழைய ரீச்சர் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளை தேடிப்போக ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக விடுங்கோ. பத்து நிமிசம் அமைதியாக இருக்க ஒரு மூலை கொடுங்கோ. மணி அடிக்க முன்னம் வெளிக்கிட விடுங்கோ. இவ்வளவும்தான்.

அங்கவீனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் மறுப்பு எப்போதும் வாயால்தான் வரும்: "எங்களிட்ட வசதியில்லை, வேற இடம் பாருங்கோ." பெற்றோரே, அதை எழுத்தில் கேளுங்கோ. எழுதித் தரத் தயங்குவார்கள், சட்டம் அவர்களுக்கும் தெரியும்.

ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் கோப்பாயில்தான் இருக்கின்றன. வடக்கின் ஆசிரியர்கள் உருவாகிற ஊர் இது. இதை வாசிக்கிற உங்களில் சிலர் நாளை அங்கே படிக்கப் போவீர்கள். அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதவும் வாசிக்கவும் அங்கேயே பழக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஊரிலேயே அது முடியாதென்றால் வேறு எந்த ஊரில் முடியும்?